நேர்க்கோட்டில் ஐந்நூறு மீட்டர்

பக்கம் என்று யார் சொன்னது?

இல்லை, கேட்கிறேன். மெட்ரோ ஸ்டேஷன் இங்கே பக்கம்தானே என்று கேட்டீர்களே, பக்கம் என்று உங்களுக்கு யார் சொன்னது? போனா? போன் சொல்லும். போனுக்கு என்ன, நடக்கப்போவது அதுவா?

நில்லுங்கள் தம்பி, வழி சொல்கிறேன். முதலில் நீங்கள் யார்? கையில் பை, பைக்குள் சுருட்டின காகிதம். பில்டர் ஆளா? இல்லையா. காலண்டரா? காட்டுங்கள். சரி, காலண்டர்தான். முருகன் படம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தத் தெருவுக்குள் சுருட்டின காகிதத்தோடு வந்தவன் எவனும் நல்லதுக்கு வந்ததில்லை. அந்த ஸ்டூலில் உட்காருங்கள். ரயில் எங்கேயும் போய்விடாது. ஒன்று போனால் ஐந்து நிமிஷத்தில் அடுத்தது என்று அவர்களே போர்டு எழுதி வைத்திருக்கிறார்கள். அதையும் நான் நம்பவில்லை.

என் பெயர் தணிகாசலம். முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தெரியாதா? கடைக்காரனுடைய தராசையும் படிக்கல்லையும் சோதித்துப் பார்த்து முத்திரை குத்துகிற வேலை. தராசுத் தட்டுக்கு அடியில் புளியை உருட்டி ஒட்டி வைத்திருப்பான். படிக்கல்லின் அடியிலிருந்து ஈயத்தைத் தோண்டி எடுத்திருப்பான். என் தலை தெரிந்ததும், "வாங்க சார், காபி சாப்பிடுங்க" என்பான். காபி என்றால் தட்டுக்கு அடியில் புளி. சர்வீஸ் முழுக்க இதையே பார்த்தவன் நான். யாராவது எனக்கு நல்லது செய்ய வந்தால், முதலில் தட்டைத் திருப்பிப் பார்ப்பேன்.

அதோ எதிரே தகரம் அடைத்திருக்கிறதே, அதுதான் நவமணி ஃபிளாட்ஸ். இருந்த இடம் என்று சொல்ல வேண்டும். இப்போது பள்ளம். பன்னிரண்டு வீடு. மூன்றாவது மாடியில் கிழக்குப் பார்த்தது என்னுடையது. மூன்றாவது மாடியை நான்தான் பார்த்து எடுத்தேன். கீழ்வீடு என்றால் திருடன் வருவான், சாக்கடை வரும், கடன் கேட்கிறவன் வருவான். மூன்று மாடி ஏறி எவனும் வரமாட்டான். மேலே இன்னொருத்தன் இருந்துகொண்டு அம்மி அரைக்கவும் மாட்டான். லிஃப்ட் கிடையாது. அதுவும் நல்லதுதான். லிஃப்ட் இருந்தால் கண்டவன் ஏறி வருவான்.

இந்த மெட்ரோ வேலை ஆரம்பித்ததிலிருந்தே எனக்குச் சந்தேகம். ரோட்டை அடைத்தார்கள், தூண் எழுப்பினார்கள். சரி, ரயில் விடுகிறார்கள் என்று பார்த்தால், பின்னாலேயே ஒரு விதி வருகிறது. மெட்ரோ பாதைக்கு இரண்டு பக்கமும் ஐந்நூறு மீட்டருக்குள் இருக்கிற மனையில் முன்னைவிட உயரமாகக் கட்டிக்கொள்ளலாமாம். அதிக மாடி, அதிக வீடு. ஏன் என்று கேட்டால், ரயிலுக்குப் பக்கத்தில் நிறைய ஜனம் குடியிருந்தால் கார் வாங்க மாட்டார்களாம், ரயிலிலேயே போய்வருவார்களாம், ஊர் மூச்சுவிடுமாம்.

சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது. காபி மாதிரி.

எங்கள் அசோசியேஷன் செக்ரட்டரி எபநேசர் என்று ஒருவர். கீழ்வீட்டுக்காரர். பேங்கில் மேனேஜராக இருந்தவர். எப்போது பார்த்தாலும் சிரித்துக்கொண்டே இருப்பார். பேங்கில் இருந்துகொண்டு சிரிக்கிற மனுஷனை நான் அவர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அவர் ஒருநாள் மேலே வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு சொல்கிறார்.

"சார், ஒரு நல்ல சேதி. நம்ம பில்டிங்கை இடிச்சுட்டுப் புதுசா கட்டித் தர்றேங்கறாங்க. நமக்கு இப்ப இருக்கறதவிடப் பெரிய வீடு. லிஃப்ட் உண்டு. கட்டி முடிக்கிற வரைக்கும் வாடகையும் அவங்களே குடுத்துடறாங்க."

"ஏன்?"

"ஏன்னா?"

"ஏன் குடுக்கறான்? அவன் என்ன நம்ம மச்சானா?"

"இல்ல சார். புது விதில கூட மாடி கட்டலாம். பன்னெண்டு வீடு இருந்த எடத்துல முப்பத்தாறு வரும். நம்ம பன்னெண்டு போக மிச்சத்தை அவங்க வித்துக்குவாங்க."

"அதச் சொல்லுங்க மொதல்ல."

முப்பத்தாறு வீடு. அதே தண்ணீர்ச் சம்ப்பு, அதே சாக்கடை, எதிரும் புதிரும் இரண்டு ஆட்டோ வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டிய இதே தெரு. இதைக் கேட்டேன். தெரு அளந்தாச்சு சார் என்றார். கார் வாங்க மாட்டார்கள் என்றீர்களே, அப்புறம் எதற்கு பிளானில் கீழே இரண்டு அடுக்குக்குக் கார் நிறுத்துகிற இடம் என்று கேட்டேன். அதற்கு மட்டும் ஒரு சிரிப்பு. தம்பி, நீங்களே சொல்லுங்கள், அது நியாயமான கேள்வியா இல்லையா? ஆமாம் என்கிறீர்கள். ஆமாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போய்க் கையெழுத்துப் போட்டார்கள்.

இப்போது சட்டம் ஒன்று இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு வீட்டுக்காரர்கள் சம்மதித்தால் போதும், மீதிப்பேர் முனகிக்கொண்டே பின்னால் போக வேண்டியதுதான். பன்னிரண்டில் எட்டு. ஏழு பேர் மளமளவென்று போட்டுவிட்டார்கள். மீதி ஐந்தில் ஒருவர் அமெரிக்காவில், போனே எடுக்க மாட்டார். ஒரு வீட்டில் அண்ணன் தம்பி வழக்கு. ஒரு வீடு செத்துப்போனவர் பேரில் இருக்கிறது. ஒருவர் வாஸ்து பார்க்கிறவர், ஆடி போகட்டும் தை வரட்டும் என்று தள்ளிக்கொண்டே இருந்தார். ஐந்தாவது என் வீடு.

ஆக, எட்டாவது கையெழுத்து என்னிடம் இருந்தது. அது இல்லாமல் ஒரு செங்கல்லைத் தொட முடியாது. சிரிக்காதீர்கள், அந்தக் காலத்தில் கட்டடமே என் விரலில் நின்றுகொண்டிருந்தது.

மேடம் என்ன சொல்றாங்க, மேடத்தை ஒரு வார்த்தை கேக்கணுமே என்று எபநேசர் ஆரம்பித்தார். மேடம் என்றால் மரகதம். என் வீட்டுக்காரி. நான் கேட்டுச் சொல்றேன் என்று அனுப்பிவிட்டேன். கேட்டேனா என்றால், எதற்குக் கேட்க வேண்டும்? கல்யாணமான நாளிலிருந்து நான் ஒன்று சொல்லி அவள் வேறு சொன்னதில்லை. எதுவுமே சொன்னதில்லை என்பதுதான் சரி. அவ்வளவு ஒற்றுமை.

ஆங், ஒன்று சொல்ல விட்டுப்போனது. பத்திரம் அவள் பேரில் இருக்கிறது. அது ஒன்றுமில்லை. வாங்குகிறபோது என் பேரில் பதிந்தால், பொதுக் குடும்பத்துப் பணத்தில் அண்ணன் வாங்கிவிட்டார் என்று என் தம்பிகள் இரண்டு பேரும் பங்குக்கு வந்திருப்பான்கள். அதனால் அவள் பேரில் பதிந்தேன். அவன்கள் வரவில்லை, அது வேறு விஷயம். வந்திருப்பான்கள். பேர்தான் அவளுடையது, வீடு என்னுடையது. வரி கட்டியது யார்? நான். அசோசியேஷன் கூட்டத்தில் ஓனர் என்று கூப்பிட்டால் எழுந்து நின்றது யார்? நான்.

அவளுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை தம்பி. முட்டி தேய்ந்துவிட்டது, படி ஏறக்கூடாது, ஆபரேஷன் செய்யலாம் என்று ஒரு டாக்டர் சொன்னான். ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்கிறவன். அதெல்லாம் வேண்டாம், நீ கீழே இறங்கினால்தானே ஏற வேண்டும், இறங்காதே என்று சொல்லிவிட்டேன். எவ்வளவு சுலபமான வைத்தியம் பாருங்கள்! பால், மருந்து, பூ எல்லாம் நானே கொண்டுவருவேன். காய்க்காரர் வந்தால் பால்கனியிலிருந்து கயிற்றில் பக்கெட்டை இறக்குவாள். அவர் போட்டு அனுப்புவார். நான் வீட்டுத் தராசில் வைத்து மறுபடி நிறுப்பேன். கோவிலுக்கு? டிவியில் எல்லாக் கோவிலும் வருகிறதே. பால்கனியில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தேன். நாளெல்லாம் அதில்தான் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மகாராணி மாதிரி.

இவன்கள் விட்டார்களா? பில்டர் ஒரு பெண்ணை அனுப்பினான். பர்வீன் என்று பெயர். நான் ரேஷனுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால், நடுக்கூடத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது அந்தப் பெண்.

"வாங்க அங்கிள். அப்பா, என்னா படி! எப்படி ஆன்ட்டி தினம் ஏறி இறங்கறீங்க?" என்கிறது.

"இறங்கறதே இல்லம்மா" என்றாள் மரகதம்.

அடித்தாள் பாருங்கள் ஒரே அடி. அந்தப் பெண்ணுக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. அதற்கப்புறம் பில்டிங் பேச்சே எடுக்க முடியவில்லை அதற்கு. கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்ளோ நாளா ஆன்ட்டி?" என்று கேட்கிறது. நடிப்பு. மரகதம் அதற்கும் மசியவில்லை. மேல்கொண்டு ஒரு கேள்வி கேட்டு மடக்கினாள்.

"ஏம்மா, நீங்க கட்டுற லிஃப்டுல ஒரு ஸ்டூலு போட எடம் இருக்குமா?"

"தாராளமா இருக்கும் ஆன்ட்டி. வீல்சேரே போகும்."

"நின்னுகிட்டே போகணும்னு இல்லையே?"

"இல்ல ஆன்ட்டி."

கேள்வி எப்படி? நான் சர்வீஸில் இருந்தபோது கேட்டதைவிடக் கூர்மை. அளவு விஷயத்தில் பில்டர் எங்கே ஏமாற்றுவான் என்று சரியாகக் கண்டுபிடித்துக் கேட்கிறாள். என்னோடு இருந்து பழகினது. அந்தப் பெண் போன பிறகு, "நல்லா கேட்ட" என்றேன். பால்கனிக்குப் போய்விட்டாள்.

அன்றைக்குத்தான் எனக்கு யோசனை வந்தது. ஐந்நூறு மீட்டர், ஐந்நூறு மீட்டர் என்கிறார்களே, அதை அளந்தது யார்? ஊரே எடையை நம்புகிறது, எவனும் படிக்கல்லைத் தூக்கிப் பார்ப்பதில்லை. நான் பார்க்கிறேன் என்று கிளம்பினேன். என்னிடம் பழைய சர்வே டேப்பு ஒன்று உண்டு, துணி டேப்பு, முப்பது மீட்டர். ஒரு முனையைச் செங்கல்லுக்கு அடியில் வைப்பேன், இழுத்துக்கொண்டு போய்ச் சாக்பீஸால் கோடு போடுவேன், திரும்பி வந்து செங்கல்லை எடுத்துக்கொண்டு கோட்டுக்குப் போவேன். வெயில். ஆட்டோக்காரன் டேப்பின் மேலேயே ஏற்றிக்கொண்டு போகிறான். "பெரிசு, ரோடு விக்கறீங்களா?" என்று ஒருத்தன். ஒரு இடத்தில் திரும்பி வந்தால் செங்கல்லைக் காணோம். யார் எடுத்திருப்பார்கள்? பில்டர் ஆள் பின்னாலேயே வந்திருக்கிறான். பக்கத்தில் ஒரு அம்மா அதைத் தண்ணீர்த் தொட்டிக்கு முட்டுக் கொடுத்திருந்தாள். பில்டர் சொல்லித்தான் கொடுத்திருப்பாள்.

எங்கள் வாசலிலிருந்து புறப்பட்டு, பிள்ளையார் கோவில் திருப்பம், மாவு மில், மெயின் ரோடு, ஸ்டேஷன் படி வரைக்கும். தெரு வழியே, மனுஷன் நடக்கிற வழியே. எவ்வளவு வந்தது தெரியுமா? ஐந்நூறைத் தாண்டிவிட்டது! தாண்டி இன்னும் கொஞ்சம் தூரம் போனது. பிடித்தேன் புளியை!

மேலே ஓடினேன். மூன்று மாடியையும் மூச்சுவிடாமல் ஏறினேன்.

"மரகதம்! அளந்துட்டேன். ஐந்நூறைத் தாண்டுது. நம்ம எடம் அந்த விதிக்குள்ளயே வராது!"

அவள் பால்கனியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிர்ந்து, "ஐநூறுன்னா எவ்ளோ தூரம்?" என்றாள்.

"நம்ம வாசல்லேருந்து பழைய பள்ளிக்கூடம் இருக்கில்ல, அதவிடக் கொஞ்சம் கூட."

"அவ்ளோதானா? அவ்ளோ கிட்டவா இருக்கு ஸ்டேஷனு?"

"கிட்ட இல்லடி! தாண்டுதுன்னு சொல்றேன்!"

"நான் ரொம்ப தூரம்னு நெனச்சிட்டிருந்தேன். நடந்துடலாம்போல இருக்கே."

கணக்கு அவளுக்கு எப்போதும் வராது. விட்டுவிட்டேன்.

எபநேசரிடம் போய்ச் சொன்னேன். அவர் அந்தச் சிரிப்புடன், "சார், அது ரோட்டு வழியா அளக்கறதில்ல. மேப்புல நேர்க்கோடு போட்டு அளக்கறது" என்கிறார். நேர்க்கோடு! மாவு மில் கூரைக்கு மேலே, பிள்ளையார் கோபுரத்துக்கு மேலே, மூன்று வீட்டு மொட்டை மாடித் துணிக்கொடிக்கு மேலே போகிற கோடு. நான் என்ன பட்டமா? அந்தக் கோட்டில் ஒருத்தனை நடந்து காட்டச் சொல்லுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். கூட்டம் போடுங்கள், எல்லோர் முன்னாலும் கேட்கிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்டார்கள், கார் நிறுத்துகிற இடத்தில், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு.

கூட்டத்துக்குப் போகும்போது மரகதம் கேட்டாள். "நான் வரவா?"

"உனக்கெதுக்கு? முட்டியை வெச்சுக்கிட்டு. நான் வந்து சொல்றேன்" என்றேன். அக்கறையாகத்தான் சொன்னேன்.

கூட்டத்தில் நான் பேசின பேச்சு இருக்கிறதே! டேப்பைத் தூக்கிக் காட்டினேன். நேர்க்கோட்டை உரித்துத் தொங்கவிட்டேன். இரண்டு அடுக்குக் கார் நிறுத்தத்தைக் கேட்டேன். எபநேசர் எழுந்து, "சார், நீங்க சொல்ற தெரு, தண்ணியெல்லாம் நியாயம்தான். அதை பில்டர்கிட்ட எழுதி வாங்கிக்கலாம். ஆனா இந்த பில்டிங் கம்பி வெளிய தெரியுது. இன்னொண்ணு, புதுசா வர்ற குடும்பங்கள்லாம் ஊருக்கு வெளிய போய் வீடு தேடாம இங்கயே இருந்து ரயில்ல வேலைக்குப் போகுமே, அதுல நமக்கென்ன நஷ்டம்?" என்றார்.

"அவங்க யாரு? நம்ம சொந்தமா?" என்றேன். கைதட்டல் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. ஆனால் சூடு பிடித்துவிட்டது. "எட்டாவது கையெழுத்து என் வீட்டுது. மூணாவது மாடிலேருந்து அது கீழ எறங்காது. எவன் வந்தாலும் எறங்காது!" என்று கத்தினேன்.

எல்லோரும் என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்தார்கள். என் பேச்சைக் கேட்கப் பக்கத்துக் கட்டடத்துக்காரர்களும் வந்துவிட்டார்கள்போல என்று நினைத்தேன். திரும்பினேன்.

மரகதம் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு, பின்புறமாக இறங்கிக்கொண்டிருந்தாள். முட்டி போனவர்கள் அப்படித்தான் இறங்குவார்களாம், எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இறக்கி, நின்று, அடுத்த காலைச் சேர்த்து. நல்ல புடவை கட்டியிருந்தாள். எப்போது கிளம்பினாளோ. நான் பேச ஆரம்பித்தபோதே கிளம்பியிருப்பாள். பில்டர் சார்பில் கூட்டத்துக்கு வந்திருந்த அந்த பர்வீன் ஓடிப்போய்க் கை கொடுத்தது. "வேணாம்மா, நானே வந்துடறேன்" என்றாள். கடைசிப் படி இறங்கித் திரும்பினாள். முகமெல்லாம் வேர்வை.

நேராக எபநேசரிடம் போனாள். என்னைப் பார்க்கவில்லை.

"சார், பத்திரத்துல பேரு என்னுதுதானே இருக்கு?"

"ஆமாம்மா. உங்க பேர்தான். சாருக்கு... சார் கையெழுத்து நமக்கு வேண்டியதில்ல. உங்க கையெழுத்துதான்."

"எங்க போடணும்?"

போட்டாள். தமிழில், ஒவ்வொரு எழுத்தாக. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு வராத கைதட்டல். வாஸ்துக்காரர்கூடத் தட்டினார்.

யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் தம்பி! இல்லாவிட்டால் அவளுக்கு எப்படித் தோன்றும்? பத்திரத்தில் தன் பேர் இருப்பது இத்தனை வருஷம் கழித்து எப்படி ஞாபகம் வரும்? எபநேசரா? அந்தப் பெண்ணா? எங்கள் மகள் கோயம்புத்தூரிலிருந்து தினம் போன் பேசுவாள், அவளா? காய்க்காரரைக்கூட விடவில்லை நான், பக்கெட்டுக்குள் ஏதாவது போட்டு அனுப்பினாயா என்று கேட்டுவிட்டேன். "முருங்கைக்காதான் சார் போட்டேன்" என்கிறார்.

கூட்டம் கலைந்தது. "வா மேல, பேசணும்" என்றேன்.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "நான் ஏறலைங்க" என்றாள்.

"ஏறலைன்னா?"

"ஏறினா மறுபடி எப்ப எறங்குவேனோ. நான் இங்கயே இருக்கேன்."

சும்மா சொல்கிறாள் என்று நினைத்தேன். மேலே போய்க் காத்திருந்தேன். வரவில்லை. சாப்பாட்டு நேரத்துக்குப் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். கீழே எபநேசர் வீட்டுக்காரம்மாவோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். என்ன பேச்சு என்று காதுக்கு எட்டவில்லை. அன்றைக்கு அவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். மறுநாளும். நான் மேலே தனியாக ரசம் வைத்தேன். அது ரசமாக வரவில்லை. எபநேசர் சாப்பிடக் கூப்பிட்டார். போனேன். மீன் குழம்பு. ஏன் கூப்பிட்டார் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் இந்த வீடு. பில்டர் வாடகை தருகிறான். தரைவீடு. அவள்தான் பார்த்து முடிவு செய்தாள், அதற்குமுன் அவள் வீடு பார்த்ததே இல்லை. வாசலுக்கு ஒரே ஒரு படி. எதிரே இடித்தார்கள், ஆரம்பத்திலிருந்து முடிவுவரை இங்கே உட்கார்ந்து பார்த்தேன். பள்ளம் தோண்டினார்கள். பிளானில் காட்டினதைவிட ஆழமோ என்று எனக்குச் சந்தேகம், அதையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் இப்போது என் கவலை பள்ளம் இல்லை.

ஸ்டேஷன் திறந்தார்களே, அதிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் மரகதம் வெளியே போகிறாள். ஒரு கைத்தடி வாங்கிக்கொண்டாள், என்னைக் கேட்காமல். மெதுவாக நடந்து போவாள், இருட்டுவதற்குள் வந்துவிடுவாள். கையில் பை கிடையாது. எதுவும் வாங்கி வருவதில்லை. "எங்க போன?" என்றால், "சும்மா" என்கிறாள். சும்மா என்று யாராவது வெளியே போவார்களா தம்பி? நீங்கள் இப்போது சும்மாவா போகிறீர்கள்? காலண்டர் கொடுக்கப் போகிறீர்கள். ஒரு காரணம் இருக்கிறது இல்லையா?

நேற்று பின்னாலேயே போனேன்.

பிள்ளையார் கோவிலில் நின்றாள், கும்பிட்டாள். மாவு மில்லில் நின்று யாரிடமோ பேசினாள், அவளை அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. மெயின் ரோடு. ஸ்டேஷனுக்குள் போனாள். நான் மெட்ரோ தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ரயில் ஏறி யாரையோ பார்க்கப் போகிறாள் என்று நினைத்தேன். டிக்கெட் எடுக்கவில்லை. லிஃப்டில் ஏறினாள். மேலே ரோட்டைக் கடக்கிற பாலம் மாதிரி ஒரு வழி இருக்கிறது, அதில் வந்து நின்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே ரோட்டைப் பார்த்தாள். பஸ் போகிறது, ஜனம் போகிறது, பார்த்துக்கொண்டே நின்றாள். யாரும் வரவில்லை. யாரிடமிருந்தும் எதுவும் வாங்கவில்லை. அப்புறம் லிஃப்டில் இறங்கினாள். வந்துவிட்டாள் என்று நான் நகரப் பார்த்தால், மறுபடி அதே லிஃப்டில் ஏறினாள்! மறுபடி அங்கே வந்து நின்றாள். மறுபடி இறங்கினாள். ஏறுவதும் இறங்குவதும், வேறு ஒன்றுமே இல்லை. அந்த லிஃப்டில் என்ன இருக்கிறது? சொல்லுங்கள்.

அவளுக்கு முன்னால் நான் வீட்டுக்கு வந்து, இந்த நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டேன். பின்னாலேயே வந்தாள். படியேறி, கைத்தடியைச் சுவரில் சாய்த்தாள்.

"தூணுக்குப் பின்னால எதுக்கு நின்னீங்க?" என்றாள். "மேல வந்திருக்கலாமில்ல. காத்து அவ்ளோ நல்லா இருந்துது."

உள்ளே போய்விட்டாள். இன்றைக்குக் கிளம்பும்போது வாசலில் ஒரு நிமிஷம் நின்று, "வர்றீங்களா?" என்று வேறு கேட்டுவிட்டுப் போனாள். நான் வரவில்லை என்றுவிட்டேன்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான் தம்பி. நான் அங்கே நின்றதை அவளிடம் யார் போட்டுக் கொடுத்தது?